நூறு காதும் ஒரு மூளையும்: கூட்டத்தில் குரலைப் பிரித்தெடுக்கும் கணக்கு

"டவர் கண்ணுக்கு எதிரேயே நிக்குது சார், ஆனா கூட்டம் சேர்ந்தா மட்டும் நெட் படுத்துடுதே, ஏன்?" தொலைத்தொடர்புத் துறையில் வேலை செய்கிறவன் என்பதால் நம் சங்க நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. உப்பலில் கிரிக்கெட் நடக்கும் நாளிலும், பண்டிகைக்கு முந்தின இரவில் செகந்திராபாத் ரயில் நிலையத்திலும் இந்த அனுபவம் எல்லோருக்கும் உண்டு. கோபுரத்தின் உயரமோ தூரமோ இதற்குக் காரணம் இல்லை. ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில் பேசும் பல குரல்களை எப்படிப் பிரித்தறிவது என்கிற கணக்குத்தான் அடிப்படைச் சிக்கல். அந்தக் கணக்கைச் சுருக்கமாகவும் வேகமாகவும் போட வழி கண்டவர்களில் நம் தமிழர்கள் சிலரும் இருக்கிறார்கள். அதைப் பற்றி நாலு வார்த்தை எழுதலாம் என்று தோன்றியது. கணிதம் கொஞ்சம் வரும். பயப்பட வேண்டாம், கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும்.

அலைக்கற்றை என்னும் நிலம்

கம்பியில்லாத் தொடர்புக்கு அலைக்கற்றைதான் நிலம். நிலத்தைப் போலவே அதையும் புதிதாக உற்பத்தி செய்ய முடியாது. 2022-இல் நடந்த ஏலத்தில் மத்திய அரசுக்கு மொத்தம் சுமார் 1,50,000 கோடி ரூபாய் கிடைத்தது. 5ஜி சேவைக்கு முக்கியமான 3.3 கிகாஹெர்ட்ஸ் பட்டையில், நாடு முழுவதற்கும் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு அரசு வைத்த அடிப்படை விலை 317 கோடி ரூபாய். இந்தப் பணமெல்லாம் கடைசியில் நம்முடைய ரீசார்ஜ் கட்டணத்திலிருந்துதானே வர வேண்டும்?

நிலம் விலை ஏறினால் என்ன செய்கிறோம்? கச்சிபௌலியில் செய்திருப்பதைப் போல அடுக்குமாடி கட்டுகிறோம். அலைக்கற்றையிலும் அடுக்குமாடி கட்டலாம். ஒரே அலைவரிசையில், ஒரே நொடியில், பல பேரைக் குடி வைக்கலாம். அதற்குப் பல ஆன்டெனாக்கள் வேண்டும். ஆன்டெனாவுக்கு 'அலைவாங்கி' என்று நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. ஆனாலும் வீட்டு மாடியில் டி.வி.க்கு வைத்த நாளிலிருந்து நமக்கு அது ஆன்டெனாதான்.

ஒரு பெரிய காதா, பல சிறிய காதுகளா?

தூரத்துச் சிக்னலைக் கேட்கப் பெரிய ஆன்டெனா கட்டுவது பழைய வழி. நம் ஊர் ஈ.சி.ஐ.எல். நிறுவனம் அதில் கைதேர்ந்தது. சந்திரயான்-1 விண்கலத்துக்காகப் பெங்களூர் அருகே பியாலாலுவில் 2008-இல் தொடங்கப்பட்ட நிலையத்தில் இருக்கும் 32 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனா, ஹைதராபாத் ஈ.சி.ஐ.எல். செய்தது. ஆனால் அது ஒரு திசையை நோக்கி ஒரு குரலைக் கேட்பதற்கானது. உப்பல் மைதானத்தில் பேசுகிறவர்களோ நாலாபுறமும் இருக்கிறார்கள். அங்கே ஒரு பெரிய காது உதவாது, பல சிறிய காதுகளும் நல்ல மூளையும் வேண்டும்.

இந்த எண்ணத்துக்கு உருவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்தவர். இந்தியக் கடற்படையில் பணியாற்றி, கப்பலின் அடியில் பொருத்தும் 'அப்சோ' என்ற சோனார் கருவியை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கினார். நீர்மூழ்கிக் கப்பலின் ஓசையைப் பல உணரிகள் சேர்ந்து கேட்பதுதான் சோனார். பின்னர் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் சென்ற அவர், அனுப்பும் பக்கமும் வாங்கும் பக்கமும் பல ஆன்டெனாக்களை வைத்து, ஒரே அலைவரிசையில் பல தகவல் ஓடைகளை அனுப்பலாம் என்ற முறைக்குத் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992-இல் காப்புரிமை கோரினார். 1994-இல் அது கிடைத்தது. இன்று 'மைமோ' என்ற பெயரில் ஒவ்வொரு வைஃபை பெட்டியிலும் 4ஜி, 5ஜி போனிலும் இருப்பது இதுவே. 2010-இல் பத்மபூஷண், 2014-இல் மார்க்கோனி பரிசு அவருக்கு வந்தன.

இரண்டு போன், இரண்டு ஆன்டெனா

இனி கணக்குக்கு வருவோம். கோபுரத்தில் இரண்டு ஆன்டெனா. கீழே கோபால் ஒருவர், லட்சுமி ஒருவர். ஒவ்வொருவருடைய போனும் +1 அல்லது −1 அனுப்புகிறது. இரண்டும் காற்றில் கலந்துவிடுகின்றன. முதல் ஆன்டெனாவுக்குக் கோபாலின் சிக்னல் முழுசாகவும் (1), லட்சுமியுடையது கொஞ்சம் குறைந்தும் (0.8) வருகிறது. இரண்டாவது ஆன்டெனாவுக்குக் கோபாலுடையது 0.7, லட்சுமியுடையது 1. இந்த நான்கு எண்களும் கோபுரத்துக்குத் தெரியும். எப்படி என்றால், ஒவ்வொரு போனும் இடையிடையே 'பைலட்' என்னும் முன்பே தெரிந்த சிக்னலை அனுப்பும். அதைப் பார்த்துக் கோபுரம் கணித்துக்கொள்ளும்.

கோபால் +1, லட்சுமி −1 அனுப்பினால் முதல் ஆன்டெனாவில் 1 − 0.8 = 0.2, இரண்டாவதில் 0.7 − 1 = −0.3 வர வேண்டும். ஆனால் கருவிகளுக்குள் எப்போதும் இருக்கும் வெப்ப இரைச்சல் இரண்டிலும் 0.2 கூட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கோபுரம் பார்ப்பது 0.4, −0.1. இதை மட்டும் வைத்துக்கொண்டு யார் என்ன சொன்னார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். இதுதான் 'சிக்னல் டிடெக்ஷன்', தமிழில் குறிகை கண்டறிதல்.

முதல் வழி, எல்லாச் சாத்தியங்களையும் போட்டுப் பார்ப்பது. சாத்தியங்கள் நான்கு. ஒவ்வொன்றுக்கும் என்ன வர வேண்டும் என்று கணக்கிட்டு, வந்ததற்கும் அதற்கும் உள்ள வித்தியாசங்களின் வர்க்கங்களைக் கூட்டுவோம். இதைப் பிழைத்தொகை என்று அழைப்போம். இருவரும் +1 என்றால் பிழைத்தொகை 5.2. இருவரும் −1 என்றால் 7.4. கோபால் −1, லட்சுமி +1 என்றால் 0.52. கோபால் +1, லட்சுமி −1 என்றால் 0.08. மிகக் குறைந்தது கடைசியில் உள்ளது. சரியான விடையும் அதுவே.

அசுரக் கணக்கு

இந்த முறையைவிடச் சிறந்த முறை கிடையாது. ஆனால் நடைமுறைக்கு ஆகாது. 16 போன்கள், ஒவ்வொன்றும் ஒரே சமயத்தில் 4 பிட் அனுப்புகின்றன என்றால், ஒரு போனுக்கு 16 சாத்தியம். 16 போன்களுக்கும் சேர்த்து 16-இன் 16-ஆவது அடுக்கு. ஏறத்தாழ 1.8-க்குப் பின்னால் 19 இலக்கம் தள்ளிப் போகும் எண். நொடிக்கு நூறு கோடி சாத்தியங்களைச் சரிபார்க்கும் கருவி இருந்தாலும் ஒரே ஒரு விடைக்கு 584 ஆண்டுகள் ஆகும்! கோல்கொண்டாவில் குதுப் ஷாஹி ஆட்சி தொடங்குவதற்கு முன்பே கணக்கை ஆரம்பித்திருந்தாலும் இன்னும் முடிந்திருக்காது.

5ஜி-யிலோ அவகாசம் அரை மில்லி நொடி. 100 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 5ஜி பட்டையில் 3,276 துணை அலைகள் உள்ளன. அரை மில்லி நொடியில் ஒவ்வொன்றிலும் 14 முறை தகவல் வரும். பெருக்கினால் 45,864. முழு நேரமும் போன்களே அனுப்பிக்கொண்டிருந்தால், நொடிக்கு ஒன்பது கோடிக்கு மேற்பட்ட முறை இந்தப் பிரித்தறியும் கணக்கைப் போட்டாக வேண்டும். ஒவ்வொரு பெருக்கலுக்கும் மின்சாரம் செலவாகும், சிப்பில் இடம் பிடிக்கும், சூடாகும். கணக்கு நீண்டால் கோபுரத்தின் கரண்ட் பில்லும் நீளும்.

எளிய வழிகளும் அவற்றின் குறையும்

மிக எளிய வழி, ஒவ்வொரு குரலுக்கும் பொருத்தமாக ஆன்டெனாக்களை எடைபோட்டுக் கூட்டுவது. கோபாலுக்கு 1 × 0.4 + 0.7 × (−0.1) = 0.33. இது நேர்மறை, ஆகவே +1. சரி. லட்சுமிக்கு 0.8 × 0.4 + 1 × (−0.1) = 0.22. இதுவும் நேர்மறை, ஆகவே +1. தப்பு! கோபாலின் குரல் லட்சுமியின் கணக்கில் கலந்து கெடுத்துவிட்டது.

அடுத்த வழி, பள்ளியில் படித்த அணிகளின் நேர்மாறு. இரண்டு சமன்பாடு, இரண்டு தெரியாத எண் என்று தீர்த்தால் கோபாலுக்கு 1.09, லட்சுமிக்கு −0.86 வருகிறது. குறிகளைப் பார்த்தால் இரண்டும் சரி. அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா என்றால் இல்லை. இரைச்சல் முதல் ஆன்டெனாவில் +0.2, இரண்டாவதில் −0.2 என்று வந்திருந்தால், விடையில் அது ஏறத்தாழ 0.8 அளவுள்ள பிழையாக வீங்கியிருக்கும். நான்கு மடங்கு! இரு போன்களின் சிக்னல்களும் ஒன்றுபோலவே இரு ஆன்டெனாக்களையும் வந்தடைவதால், இரண்டையும் பிரிக்க முயலும்போது இரைச்சலும் கூடவே பெருகுகிறது. குறுக்கீட்டையும் இரைச்சலையும் சமன்செய்து பார்க்கும் 'எம்.எம்.எஸ்.இ.' என்ற முறை இதைவிடக் கொஞ்சம் மேல். ஆனால் போன்களின் எண்ணிக்கை ஆன்டெனாக்களின் எண்ணிக்கையை நெருங்கும்போது அதுவும் தடுமாறும்.

'கோள முறை' என்று இன்னொன்று உண்டு. வந்த சிக்னலைச் சுற்றி ஒரு கோளம் வரைந்து, அதற்குள் விழும் சாத்தியங்களை மட்டும் தேடுவது. ஃபிங்கே, போஸ்ட் என்ற இரு கணித அறிஞர்கள் 1985-இல் தந்த தேடல் உத்தியை 1999-இல் விட்டெர்போவும் பூட்ரோவும் தகவல் தொடர்பில் விளக்கமாகப் பயன்படுத்தினார்கள். சிறிய எண்ணிக்கைக்கு நல்ல முறை. ஆனால் சராசரியாகப் பார்த்தாலும் இதன் வேலைச்சுமை எண்ணிக்கையோடு அடுக்கு அடுக்காகவே ஏறும் என்று 2005-இல் ஜால்டேன், ஓட்டர்ஸ்டன் இருவரும் நிரூபித்தார்கள். பத்துக்குச் சரி, நூறுக்கு முடியாது.

பெங்களூரிலிருந்து வந்த வழி

இங்கேதான் இந்திய அறிவியல் கழகத்தின் பங்கு வருகிறது. ராஜபாளையத்தில் பிறந்து, கோவை பி.எஸ்.ஜி. கல்லூரியில் படித்தவர் பேராசிரியர் ஏ. சொக்கலிங்கம். சென்னை எம்.ஐ.டி.யில் படித்தவர் பேராசிரியர் பி. சுந்தர் ராஜன். இவர்களும் விஷ்ணு வர்தன், சைஃப் கான் முகமது ஆகியோரும் சேர்ந்து 2008-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, நூற்றுக்கணக்கான ஆன்டெனாக்களுக்கும் இந்தக் கணக்கைப் போடலாம் என்று காட்டியது. பத்து ஆன்டெனாவையே பெரிசு என்று உலகம் நினைத்த காலம் அது.

முறை மிக எளியது. மேலே சொன்ன எளிய வழிகளில் ஒன்றைக் கொண்டு ஓர் ஆரம்ப விடை எடுத்துக்கொள். பிறகு ஒவ்வொரு பிட்டாக மாற்றிப் பார். மாற்றினால் பிழைத்தொகை குறைகிறதா? குறைந்தால் மாற்று, இல்லாவிட்டால் விட்டுவிடு. எதை மாற்றினாலும் குறையவில்லை என்றால் நிறுத்து. அவ்வளவுதான். நம் வீட்டுப் பெண்கள் குழம்பை ருசி பார்த்து உப்பு, புளி, காரம் என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்வார்களே, அதே தத்துவம்.

நம் உதாரணத்தில் பார்ப்போம். முதல் எளிய வழி தந்த தவறான விடை, இருவரும் +1. பிழைத்தொகை 5.2. லட்சுமியை மாற்றினால் 0.08, கோபாலை மாற்றினால் 0.52. அதிகம் குறைப்பது லட்சுமியை மாற்றுவது. மாற்றியாயிற்று. இனி எதை மாற்றினாலும் தொகை ஏறும். நிறுத்து. சரியான விடை வந்துவிட்டது.

ஆனால் ஒரு வாசகர் கூர்ந்து பார்த்தால் கேட்பார்: "முதல்ல கோபாலை மாத்தியிருந்தா?" நல்ல கேள்வி. அப்போது 0.52-க்கு வந்து நிற்போம். அங்கிருந்து ஒருவரை மட்டும் மாற்றினால் 5.2 அல்லது 7.4. இரண்டுமே அதிகம். ஆகவே தவறான இடத்திலேயே மாட்டிக்கொள்வோம். மலையில் இறங்குகிறவன் அடிவாரம் என்று நினைத்து நடுவழிப் பள்ளத்தில் நின்றுவிடுவதைப் போல. இது இந்த முறையின் உண்மையான பலவீனம்.

பெங்களூர்க் குழு கண்ட அதிசயம் இங்கேதான். ஆன்டெனாக்களும் போன்களும் இரண்டாக இருக்கும்போது மாட்டிக்கொள்ளும் இந்த முறை, எண்ணிக்கை நூறு, இருநூறு என்று ஏற ஏறத் தேறிவிடுகிறது. இரண்டு திசையில் மட்டும் நகரக்கூடியவன் பள்ளத்தில் சிக்குவான். நூற்றுக்கணக்கான திசைகளில் நகர முடிந்தவனுக்கு ஏதாவது ஒரு திசையில் இறக்கம் கிடைத்துவிட வாய்ப்பு அதிகம். கூட்டம் பெருகினால் சிக்கல் பெருகும் என்பதுதான் நம் அனுபவம். இங்கே கூட்டமே துணையாகிறது. வேலைச்சுமையும் கட்டுக்குள் இருக்கிறது. ஒரு பிட்டுக்கு ஆகும் கணக்கு, இருபக்க ஆன்டெனா எண்ணிக்கைகளின் பெருக்கல் அளவுக்கே ஏறும். இருபக்கமும் இரட்டித்தால் நான்கு மடங்கு. எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கும் முறையிலோ, பழைய எண்ணைத் தன்னாலேயே பெருக்க வேண்டும்.

600 ஆன்டெனா அனுப்ப, 600 ஆன்டெனா வாங்க என்று கணினியில் பாவனை செய்து, ஒரு ஹெர்ட்ஸில் நொடிக்கு 200 பிட் என்ற அடர்த்தியில், கொள்கை எல்லைக்கு 4.6 டெசிபெல் தூரத்துக்குள் வர முடிகிறது என்று அவர்கள் காட்டினார்கள். இந்த முறையின் வேர் எங்கே இருக்கிறது தெரியுமா? மங்கிப்போன படங்களைச் சீராக்கும் ஹாப்ஃபீல்டு நரம்பு வலைப்பின்னலில். அந்த வலைப்பின்னலை 1982-இல் முன்வைத்த ஜான் ஹாப்ஃபீல்டுக்கு 2024-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது.

பள்ளத்தில் மாட்டிக்கொள்வதைத் தவிர்க்கவும் அந்தக் குழு வழி தேடியது. 'டாபு தேடல்' அதில் ஒன்று. சிக்கிய இடத்திலிருந்து கொஞ்சம் மேலே ஏறவும் துணி, ஆனால் இப்போதுதான் விட்டுவந்த தெருவுக்கே உடனே திரும்பிப் போகாதே என்பது அதன் விதி. இவற்றையெல்லாம் தொகுத்துச் சொக்கலிங்கமும் சுந்தர் ராஜனும் எழுதிய நூலைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2014-இல் வெளியிட்டது.

ஆன்டெனாவைக் கூட்டுவதா, அறிவைக் கூட்டுவதா?

2010-இல் பெல் ஆய்வகத்தின் தாமஸ் மார்செட்டா வேறொரு கோணத்தில் யோசித்தார். போன்களின் எண்ணிக்கையைவிடக் கோபுர ஆன்டெனாக்கள் மிக அதிகமாக இருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு போனும் பதிக்கும் தடம் மற்றவற்றிலிருந்து தானாகவே விலகிவிடும். நம் உதாரணத்தில் லட்சுமியைக் கெடுத்த அந்த முதல் எளிய வழியே போதுமானதாகிவிடும். இன்று 5ஜி கோபுரங்களில் காணும் 64 வழிப் பெட்டிகளுக்கு அடிப்படை இந்தச் சிந்தனையே. 64 ஆன்டெனா, 8 போன் என்றால் எளிய கணக்கு நன்றாக வேலை செய்யும். 64 ஆன்டெனாவில் 50, 60 போனைப் பிரிக்க வேண்டும் என்றால் எளிய கணக்கு திணறும், பெங்களூர் வழி போன்றவை தேவைப்படும்.

என் கருத்தில் முக்கியமான விஷயம் இதுதான். ஆன்டெனாவைக் கூட்டுவது காசு செலவழித்து வசதி வாங்குவது. ஒவ்வொரு ஆன்டெனாவுக்குப் பின்னாலும் ஒரு முழு ரேடியோ வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். பணக்கார நாடுகளுக்கு அது கட்டுப்படியாகும். நெரிசல் அதிகம், கட்டணம் குறைவு, பல இடங்களில் டீசல் ஜெனரேட்டரை நம்பிக் கோபுரம் ஓடும் நம் நாட்டில், இருக்கிற ஆன்டெனாவில் அதிகப் பேரைப் பிரித்தறியும் கணக்கு ஆடம்பரம் அல்ல, அவசியம். ஹைடெக் சிட்டியில் இருப்பவருக்கு இன்னொரு கோபுரம் வந்துவிடும். மெதக் மாவட்டத்துக் கிராமத்தில் இருப்பவருக்கு ஒரே கோபுரம்தான். அதை எவ்வளவு புத்திசாலித்தனமாகப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அவருடைய பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு ஓடுமா, நிற்குமா என்பது தீர்மானமாகும்.

நம் ஊர் நிலவரம்

இந்தத் துறையில் ஹைதராபாத் வெறும் வேடிக்கை பார்க்கும் ஊர் அல்ல. 2008-இல் தொடங்கி, இப்போது சங்காரெட்டி அருகே கந்தியில் இயங்கும் ஐ.ஐ.டி. ஹைதராபாத், உள்நாட்டு 5ஜி சோதனைத் தளத்தை உருவாக்கிய எட்டு நிறுவனங்களில் ஒன்று. தொலைத்தொடர்புத் துறை 2018-இல் 224 கோடி ரூபாய் ஒதுக்கிய அந்தத் திட்டத்தில் ஐ.ஐ.டி. மெட்ராஸும் இந்திய அறிவியல் கழகமும் பங்கு கொண்டன. 2022 மே 17 அன்று அது தொடங்கி வைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 5ஜி சேவை முதலில் வந்த எட்டு நகரங்களில் ஹைதராபாத்தும் சென்னையும் இருந்தன. சோதனைத் தளம் எதற்கு என்று கேட்கலாம். காகிதத்தில் எழுதிய கணக்கு மெய்யான காற்றில், மெய்யான இரைச்சலில் தேறுகிறதா என்று பார்க்கத்தான். 600 ஆன்டெனா பாவனையில் தடத்தின் எண்கள் துல்லியமாகத் தெரியும் என்று வைத்துக்கொள்ளலாம். ஓடும் மெட்ரோ ரயிலில் இருப்பவரின் தடமோ நொடிக்கு நொடி மாறும். பைலட்டை வைத்துக் கணித்த எண்ணே கொஞ்சம் தப்பாக இருந்தால், அதன் மேல் கட்டிய கணக்கும் ஆட்டம் காணும். அந்த இடைவெளியை நிரப்புவதுதான் இனி வேலை.

நம் சங்கத்துக் குடும்பங்களில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் நிறைய. "இதெல்லாம் அமெரிக்காக்காரன் கண்டுபிடிப்பான், நாம கோடிங் எழுதினா போதும்" என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்தக் கட்டுரையில் வந்த கணக்குக்குப் பெரிய ஆய்வகமோ விலையுயர்ந்த கருவியோ தேவைப்படவில்லை. பிளஸ் டூ-வில் படித்த அணிகளும், ஒரு சாதாரணக் கணினியும், "நூறு ஆன்டெனாவுக்கு ஏன் முடியாது?" என்று கேட்கும் துணிச்சலும் போதுமாக இருந்தன. மேலே சொன்ன இரண்டு போன், இரண்டு ஆன்டெனா உதாரணத்தை இன்று மாலையே ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். பிறகு அதை நான்காக்கி, எட்டாக்கி, கணினியில் நூறாக்குங்கள். எந்த எண்ணிக்கையில் பள்ளங்கள் மறையத் தொடங்குகின்றன என்று நீங்களே கண்ணால் காணலாம்.